ஓமந்தூரார் யார்? சிபாரிசுக்கு நோ சொன்னார்... நாற்காலியை இழந்தார்!

சென்னை அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே நிற்கிறது ஓமந்தூரார் ஆஸ்பத்திரி. போளூர், ஆரணி பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து இங்கே சிகிச்சைக்கு வருபவர்களும் உண்டு. ஆஸ்பத்திரியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மனிதர் யார் என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள்.

இந்தியா சுதந்திரம் அடைந்த நாளில் சென்னை மாகாணத்தை ஆண்டவர் அவர். அப்போது அந்தப் பதவிக்கு முதல்வர் என்ற பெயர்கூட இல்லை, பிரதமர் என்றுதான் அழைத்தார்கள். அந்த நாற்காலி அவருக்குக் கிடைத்தது எப்படி, போனது எப்படி? பார்க்கலாம்.

போர் முடிந்தது, பர்மிட் முடியவில்லை

1945-ல் இரண்டாம் உலகப் போர் முடிந்தது. ஆனால் போர்க்காலக் கட்டுப்பாடுகள் அப்படியே தொடர்ந்தன. அரிசிக்கு ரேஷன், துணிக்குக் கட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்கு அளவு. போளூர் மாதிரி தறிச் சத்தம் கேட்கும் ஊர்களில் நூலுக்கும் கட்டுப்பாடு. கடை வைக்க லைசென்ஸ், பஸ் விட பர்மிட் என்று எதற்கெடுத்தாலும் அரசாங்கத்தின் ஒரு தாள் வேண்டும்.

தட்டுப்பாடு இருக்கும் இடத்தில் அந்தத் தாளுக்குத் தனி மதிப்பு வந்துவிடும். வாங்கிக் கொடுக்கத் தெரிந்தவருக்கும் மதிப்பு வந்துவிடும். அதனால் ஊரில் காரியம் ஆக வேண்டியவர்கள் எம்.எல்.ஏ.வைத் தேடினார்கள், எம்.எல்.ஏ. கோட்டைக்கு வந்தார். கள்ளச் சந்தைக்காரருக்கு மட்டுமல்ல, நியாயமாக நூல் கிடைக்காத நெசவாளிக்கும் அதுதான் வழி. சிக்கலே அங்கேதான்.

கோட்டையில் நடந்த தலை எண்ணிக்கை

1946 தேர்தலில் 215 பேர் கொண்ட சட்டசபையில் காங்கிரஸ் பெரும்பான்மை பிடித்தது. கட்சி ஒன்றுதான், ஆனால் உள்ளே பல கோஷ்டிகள். தமிழ்நாட்டில் ராஜாஜி தரப்பு, காமராஜர் தரப்பு. ஆந்திரப் பகுதியில் பிரகாசம் தரப்பு, பட்டாபி சீதாராமையா தரப்பு.

காந்தியும் டெல்லி தலைமையும் ராஜாஜியை விரும்பினார்கள். சென்னை எம்.எல்.ஏ.க்கள் ஒப்புக்கொள்ளவில்லை. காமராஜர் முத்துரங்க முதலியாரை நிறுத்தினார், ஜெயித்ததோ பிரகாசம். ஆனால் ஒரு வருஷம்கூட அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கதரை வளர்க்கப் புதிய நூல் மில்களுக்கு இடமில்லை என்று அவர் எடுத்த முடிவும் எதிர்ப்பைக் கூட்டியது. கோஷ்டிகள் கைகோத்தன, பிரகாசம் இறங்கினார்.

அடுத்து யார்? காமராஜர் தரப்பு கைகாட்டியவர்தான் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்.

யார் இந்த ராமசாமி ரெட்டியார்?

1895-ல் திண்டிவனம் அருகே ஓமந்தூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர். போளூருக்குப் பக்கத்தில் உள்ள திருவண்ணாமலையில் இருந்த ரமண மகரிஷியிடமும், வடலூர் வள்ளலாரிடமும் ஆழ்ந்த பக்தி கொண்டவர். பதவியை ஏற்கவே முதலில் தயங்கினார் என்று சொல்வார்கள். 1947 மார்ச் 23-ல் பொறுப்பேற்றார்.

வந்த வேகத்தில் வேலை நடந்தது. 1947-ல் கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம். 1948-ல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம், மாகாணம் முழுக்க மதுவிலக்கு.

1947-ல் வகுப்புவாரி அரசாணையையும் திருத்தினார். 14 அரசு வேலைகள் என்றால் யார் யாருக்கு எத்தனை என்பது எழுத்தில் வந்தது. பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு முதல்முறையாகத் தனியாக 2 இடம் கிடைத்தது.

எல்லாமே பாராட்டு வாங்கியது என்று சொல்ல முடியாது. 1948-ல் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியதும், கருஞ்சட்டைப் படைக்குத் தடை போட்டதும் இதே ஆட்சிதான். தமிழ்நாட்டில் பெரிய போராட்டம் வெடித்தது.

எம்.எல்.ஏ.க்களுக்கு ஏன் கோபம்?

இடமாற்றம், நியமனம், பர்மிட். இந்த மூன்றிலும் எம்.எல்.ஏ.க்கள் தலையிடக் கூடாது என்பதில் ஓமந்தூரார் கறாராக இருந்தார். சிபாரிசோடு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

எம்.எல்.ஏ.க்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. ஓட்டுப் போட்டவன் வாசலில் நிற்கிறான், அவனுக்கு என்ன பதில் சொல்வது? தொகுதிக் குறையைச் சொல்வதும் சிபாரிசு, வேண்டியவருக்கு பர்மிட் கேட்பதும் சிபாரிசு. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பொறுமை ஓமந்தூராருக்கு இல்லை, யாரையும் கலந்து பேசுவதில்லை என்று குறை சொன்னார்கள்.

1948-ல் கட்சித் தலைவர் தேர்தலில் பிரகாசம் மறுபடி மோதினார். காமராஜர் ஆதரவு இருந்ததால் ஓமந்தூரார் தப்பித்தார். அடுத்த வருஷம் அந்த ஆதரவும் கைவிட்டுப் போனது. அதிருப்தி எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கை கூடியது. 1949 ஏப்ரல் 6-ல் குமாரசாமி ராஜா புதிய பிரதமர் ஆனார்.

எந்தத் தலை எண்ணிக்கை அவரை உட்கார வைத்ததோ, அதுவே அவரை இறக்கியது. உட்கார வைத்தவர்கள் பதிலுக்கு எதிர்பார்த்ததை அவர் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு?

ஓமந்தூரார் சென்னையில் தங்கி எதிர் கோஷ்டி சேர்க்கவில்லை. வடலூருக்குப் போய்விட்டார். வள்ளலார் பெயரில் குருகுலப் பள்ளி நடத்தினார், ஆதரவற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். 1970 ஆகஸ்ட் 25-ல் மறைந்தார்.

இன்று ஆஸ்பத்திரியாக இருக்கும் கட்டடம், முதலில் கட்டப்பட்டது சட்டசபைக்காக. 2010-ல் திறந்தார்கள், 2014-ல் அது பல்நோக்கு மருத்துவமனை ஆனது. எம்.எல்.ஏ.க்கள் உட்கார வேண்டிய அந்த இடத்தில், இப்போது போளூரிலிருந்து வரும் நோயாளியும் சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்கிறார். ஓமந்தூரார் கேட்டதும் அந்த வரிசையைத்தான்.