பிராங்கிளினின் சிற்றேடு

இடிமுகிலின் மின்சாரத்தைப் பட்டத்தின் நூல்வழியே இறக்கிக் காட்டியவர் என்றும், 1776ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டவர் என்றும் பெஞ்சமின் பிராங்கிளினைப் பள்ளிச் சிறாரும் அறிவர். ஆயின், அப்பெரியாரின் வாழ்விலே என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது அவர் உடன்கொண்டு திரிந்த ஒரு சிற்றேடேயாகும். தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்கவும், தீர ஆராய்ந்து முடிவு செய்யவும் ஒருவன் பழகிக்கொள்ளல் கூடுமா என்ற வினாவோடு அவர் நடத்திய நெடும் பரிசோதனையின் சின்னம் அது.

1706ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் திகதி பொஸ்டன் நகரில் அவர் பிறந்தார். மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்ற தந்தைக்குப் பிள்ளைகள் 17 பேர். பத்து வயதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சகத்திலே தொழில் பழகப் புகுந்தவர், 1723இல் அங்கிருந்து ஓடிப் பிலடெல்பியாவை அடைந்தார். அக்காலத்து பிராங்கிளினை உத்தமர் என்று கூறல் இயலாது. ஒருவர் நம்பி ஒப்படைத்த பணத்தைத் தம் நண்பனுக்காகச் செலவிட்டார். தம்மை மணக்க இசைந்திருந்த டெபோரா என்னும் நங்கைக்கு இலண்டனிலிருந்து ஒரேயொரு கடிதம் எழுதியதோடு அவளை மறந்தார். பின்னாளில் தம் வரலாற்றை எழுதுங்கால், இவற்றை அச்சுத் தொழிலாளர் வழக்கிலே பிழைகள் என்று பெயரிட்டு ஒளிவின்றிக் குறித்தார். பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். டெபோராவை 1730இல் வாழ்க்கைத் துணைவியாக்கிக் கொண்டார்.

இனி நல்லவனாவேன் என்று தனியே இருந்து சபதஞ் செய்தல் எளிது. அதனை நாளும் காத்தல் அரிது. இதனை உணர்ந்தாற்போல, 1727இல் அவர் ஜுண்டோ என்னும் சிறு கூட்டத்தை அமைத்தார். பன்னிருவருக்கு மேற்படாத அக்கூட்டத்தில் அச்சுத் தொழிலாளரும், கண்ணாடி வேலை செய்வோரும், நில அளவையாளரும் வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடினர். அடங்காமையால் விளைந்த கேடு எதனைக் கண்டீர், நாம் விலக்கவேண்டிய பிழை எதனை எவர் இழைத்தனர் என்பன போன்ற வினாக்கள் அங்கே வாசிக்கப்பட்டன. தம் கருத்தே முடிந்த முடிபென வற்புறுத்தியவரும், பிறர் கூற்றை முகத்திலடித்தாற்போல் மறுத்தவரும் சிறு தண்டப்பணம் செலுத்தவேண்டியிருந்தது.

சிற்றேடும் இவ்விளமைப் பருவத்தின் முயற்சியே. நாளுக்கொன்றாக ஏழு நிரல்கள். குணத்திற்கொன்றாகப் பதின்மூன்று வரிகள். மாலையில் தம் நாளை ஆராய்ந்து, தவறிய குணத்திற்கு நேரே கறுப்புப் புள்ளி ஒன்று இடுவார். வாரத்திற்கு ஒரு குணத்தைச் சிறப்பாகக் கவனித்து, ஆண்டில் நான்கு முறை முழுப் பட்டியலையும் சுற்றி வருவார். முதலில் எழுதிய குணங்கள் பன்னிரண்டேயாம். உம்மிடம் செருக்கு மிகுதி என்று குவேக்கர் சமயத்து நண்பர் ஒருவர் உதாரணங்களோடு எடுத்துக்காட்டிய பின்னரே பணிவு பதின்மூன்றாவதாய்ச் சேர்ந்தது. தன் கண்ணுக்குத் தோன்றாத தன் குற்றத்தை மற்றொருவர் கண் காட்டிவிட்டது.

பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டிக் காகிதம் துளைபட்டமையால், யானைத் தந்தத் தகடுகளிற் பென்சிலாற் குறித்து, ஈரப் பஞ்சினால் துடைத்துக்கொண்டார். ஒழுங்கு என்ற குணம் அவருக்கு இறுதிவரை கைகூடவில்லை. செருக்கை அடக்கினும் அது மீண்டும் தலைதூக்கும் என ஒப்புக்கொண்டார். எனினும், முயன்றமையால் முன்னிருந்ததினும் மேலான மனிதனானேன் என்பதே அவர் கண்ட முடிபு.

1772இல் விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி, ஒரு பதவியை ஏற்பதா விடுவதா என மயங்கி அவரிடம் ஆலோசனை கேட்டார். ஏற்குமாறோ விடுக்குமாறோ பிராங்கிளின் கூறவில்லை; முடிவு செய்யும் முறையையே எழுதி அனுப்பினார். தாளை இரு பக்கமாகப் பிரித்து, சாதகங்களையும் பாதகங்களையும் மூன்று நான்கு நாட்கள் சிந்தித்து எழுதுக. சமமானவற்றை எதிரெதிரே அடித்துவிட்டு எஞ்சியதை நோக்குக என்பது அதன் சாரம்.

பிராங்கிளின் 1749இல் வகுத்த கல்விக்கழகத் திட்டத்திலிருந்து வளர்ந்ததே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம். 1960களில் ஆரன் பெக் என்னும் மருத்துவர் அறிகைச் சிகிச்சையை உருவாக்கியது அங்கேயே. அதன் வழிவந்த அறிகை நடத்தைச் சிகிச்சையிற் பலர் குழுவாய் அமர்கின்றனர். நேர்ந்ததையும், அப்பொழுது எழுந்த எண்ணத்தையும், அதன்பின் செய்ததையும் தாளில் எழுதுகின்றனர். ஒருவர் எழுதியதை மற்றவர் வினவுகின்றனர். சிறைகளிலும் குற்றமிழைத்தோர் இவ்வாறு பயிற்றப்படுகின்றனர். பெக் பிராங்கிளினைப் பின்பற்றினார் என்று நான் கூறவில்லை. ஆயினும் ஏடும் கூட்டமும் ஆகிய இரண்டும் இங்கும் ஒன்றுசேர்ந்திருத்தலைக் காண்கிறேன்.

இரண்டும் ஏன் வேண்டும் என்பதற்கும் அவர் வாழ்வே சான்று. பதின்மூன்று குணங்களுள் நீதியும் ஒன்று. அதனைப் பட்டியலிலே வைத்திருந்தவர் வீட்டில் அடிமைகள் இருந்தனர். அவர் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வெளிவந்தன. அவ்வநீதிக்குச் சிற்றேட்டில் ஒரு நிரல் இருக்கவில்லை. 1763இற் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியொன்றை நேரிற் கண்டபோதுதான் அவர்தம் அறிவாற்றலைப் பற்றிய அவரது எண்ணம் மாறியது. அடிமை முறையை எதிர்த்தோரின் குரலும் காலப்போக்கில் அவரை அசைத்தது. 1787இல் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 1790 பெப்ரவரியில், அடிமை முறையை ஒழிக்கக் கோரும் விண்ணப்பத்திற் கையொப்பமிட்டு அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பினார். காங்கிரஸ் அதனை நிறைவேற்றவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 17ஆந் திகதி, தமது 84ஆம் வயதில் அவர் மறைந்தார்.

தான் எழுதும் கணக்கில், தான் காண விரும்பாததை மனிதன் விட்டுவிடுவான். அவ்விடத்தைச் சுட்டிக்காட்டப் பிறர் வேண்டும். சுட்டியபின் எண்பது வயதிலும் ஏட்டைத் திருத்தும் துணிவு தனக்கு வேண்டும். பிராங்கிளினின் புகழுக்குரிய செயல்கள் பலவற்றுள்ளும் காலந்தாழ்த்தி வந்த அக்கடைசிக் கையொப்பத்தையே நான் பெரிதாக மதிக்கின்றேன்.