விண்மீன்களுக்கு முகவரி எழுதியவர்

நுழையும்முன்

வானியல் என்றதும் மலையுச்சிகளும் பெரிய தொலைநோக்கிகளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஒரு தாளில் அச்சிட்ட விண்மீன் வரைபடமும் அதனை வானத்தோடு ஒப்பிடும் பொறுமையும் இருந்தால் எவரும் வானத்தைப் படிக்கத் தொடங்கலாம். அந்த வரைபடத்தின் புள்ளிகளுக்குப் பின்னே பலருடைய வாழ்நாள் உழைப்பு இருக்கிறது. அவர்களுள் ஒருவர் சென்னையில் வாழ்ந்து, வானத்தை ஆராய்ந்து, தாம் அறிந்ததை மக்கள் மொழிகளில் எடுத்துரைத்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி. அவருடைய வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரு தாளில் அடங்கும் வானம்

திருப்பூர் இராயபுரம் போன்ற பகுதிகளில் இரவிலும் பின்னலாடை எந்திரங்களின் ஒலி முற்றிலும் அடங்குவதில்லை. தெருவிளக்குகளும் தொழிற்கூடங்களின் விளக்குகளும் வானத்தின் இருளைக் குறைத்துவிடுகின்றன. ஆயினும் மார்கழி, தை மாதங்களின் தெளிந்த இரவொன்றில் மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், வேட்டைக்காரன் எனப்படும் ஓரியன் விண்மீன் கூட்டத்தை அங்கிருந்தும் காணலாம். கையில் ஒரு விண்மீன் வரைபடம் இருந்தால், அதன் துணைகொண்டு அடுத்தடுத்த விண்மீன்களையும் அடையாளம் காணலாம்.

இவ்வரைபடத்தைப் படிக்க இரண்டு செய்திகளை அறிந்தால் போதும். நிலப்படத்தில் வடக்கு மேலே இருந்தால் கிழக்கு வலப்பக்கம் இருக்கும். விண்மீன் வரைபடத்திலோ கிழக்கு இடப்பக்கம் இருக்கும். இது பிழையன்று. நிலப்படத்தைக் குனிந்து பார்க்கிறோம். வான்படத்தைத் தலைக்குமேல் பிடித்து அண்ணாந்து பார்க்கிறோம். அவ்வாறு பிடித்தால் திசைகள் தாமாகவே பொருந்திவிடும். அடுத்து, படத்தில் பெரிய புள்ளி ஒளிமிக்க விண்மீனையும் சிறிய புள்ளி மங்கலான விண்மீனையும் குறிக்கும்.

புள்ளியின் இடமும் அளவும்தாம் ஒரு விண்மீனின் முகவரி. இந்த முகவரியைத் துல்லியமாக எழுதும் பணி பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை நகரில் பல பத்தாண்டுகள் நடைபெற்றது. அப்பணியில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் இரகுநாதாச்சாரி.

பஞ்சாங்கத்திலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு

இரகுநாதாச்சாரி பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். திதியும் நட்சத்திரமும் கிரகண நேரமும் கணக்கிடுவது அக்குடும்பத்தின் மரபுத்தொழில். ஆகவே வானத்தைப் பற்றிய கணக்கு அவருக்கு இளமையிலேயே அறிமுகமானது. எனினும் கணக்கோடு அவர் நின்றுவிடவில்லை. சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியில் சேர்ந்து, கருவிகளின் வழியே வானத்தை நேரில் நோக்கும் வாய்ப்பைப் பெற்றார்.

அந்த ஆய்வுக்கூடத்திற்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. வில்லியம் பெட்ரி என்னும் ஆங்கிலேய அதிகாரி 1786ஆம் ஆண்டு எழும்பூரில் தம் சொந்த முயற்சியால் அதனைத் தொடங்கினார். பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனி அதனை ஏற்றுக்கொண்டது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கெனக் கட்டடம் எழுந்தது. அங்கே கருவியைத் தாங்க நிறுவப்பட்ட கருங்கல் தூணில், ஆய்வுக்கூடம் அமைந்த செய்தி தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் பொறிக்கப்பட்டது. அத்தூண் இன்றும் நுங்கம்பாக்கத்தில், வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது.

அங்கிருந்த முதன்மை வானியலாளர்கள் ஆங்கிலேயர்கள். இந்தியர்கள் உதவியாளர்களாகவே பணியாற்றினர். அந்நிலையில் தம் உழைப்பாலும் கூர்மையான நோக்காலும் உயர்ந்து முதல் உதவியாளர் என்னும் பொறுப்பை இரகுநாதாச்சாரி அடைந்தார். 1861இல் அரசு வானியலாளராகப் பொறுப்பேற்ற நார்மன் இராபர்ட் போக்சனுக்கு அவர் வலக்கரமாக விளங்கினார்.

புள்ளி ஒவ்வொன்றும் ஓர் உழைப்பு

விண்மீனின் இடத்தை எவ்வாறு அளந்தனர்? வானத்தில் வடக்கிலிருந்து தெற்காக, நம் தலையுச்சி வழியே செல்லும் ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அக்கோட்டை உச்சிவட்டம் என்பர். இந்தக் கோட்டின்மீது மட்டுமே மேலும் கீழும் அசையுமாறு ஒரு தொலைநோக்கியைப் பொருத்துவர். புவி சுழல்வதால் விண்மீன்கள் ஒவ்வொன்றாக அந்தக் கோட்டைக் கடந்து செல்லும். கடக்கும் நொடியைக் கடிகாரம் காட்டும். விண்மீன் நிற்கும் உயரத்தைக் கருவியில் பொருத்திய அளவுவட்டம் காட்டும். இந்த இரண்டு எண்களும் சேர்ந்தால் வானத்தில் அதன் இடம் உறுதியாகும்.

சொல்வதற்கு எளிய இந்தப் பணி, செய்வதற்கு எளியதன்று. நொடியில் சிறு பங்கு தவறினாலும் இடம் பிழைபடும். காற்றில் ஒளி வளைவதற்கும் கருவியின் சிறு சாய்விற்கும் கடிகாரத்தின் தாமதத்திற்கும் தனித்தனியே திருத்தங்களைக் கணக்கிட வேண்டும். இரவில் நோக்கியதைப் பகலில் கணக்கிட்டு முடிக்க வேண்டும். ஒரே விண்மீனைப் பல இரவுகளில் நோக்கினால்தான் அதன் இடத்தை உறுதியாகக் கூற முடியும்.

1862 முதல் 1887 வரை இக்கருவியால் செய்யப்பட்ட நோக்குகளைக் கொண்டு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் பட்டியலைச் சென்னை ஆய்வுக்கூடம் உருவாக்கியது. அப்பணியில் இரகுநாதாச்சாரியின் பங்கு மிகப் பெரியது. இத்தகைய பட்டியல்கள் இல்லையேல் விண்மீன் வரைபடமே இல்லை. பட்டியலில் எண்ணாக இருப்பதே வரைபடத்தில் புள்ளியாகிறது.

ஒளி மாறும் விண்மீன்

விண்மீன்கள் எல்லாம் என்றும் ஒரே அளவில் ஒளிர்வதில்லை. சில விண்மீன்கள் ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும். இவற்றை ஒளிமாறும் விண்மீன்கள் என்பர். புகைப்படக்கலை வானியலில் வேரூன்றாத அக்காலத்தில், இவற்றைக் கண்டறிய ஒரே வழிதான் இருந்தது. முன்பு எழுதிவைத்த குறிப்பையும் வரைபடத்தையும் இன்றைய வானத்தோடு பொறுமையாக ஒப்பிட வேண்டும். படத்தில் உள்ள புள்ளி வானத்தில் இல்லையா? படத்தில் இல்லாத ஒன்று வானத்தில் ஒளிர்கிறதா? இவ்வினாக்களோடு நோக்குபவருக்கே அம்மாற்றம் புலப்படும்.

1867ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தென்வானில் உள்ள ரெட்டிகுலம் என்னும் சிறிய விண்மீன் கூட்டத்தில் அத்தகைய ஒளிமாற்றம் கொண்ட விண்மீன் ஒன்றை இரகுநாதாச்சாரி கண்டறிந்தார். அது இன்று ஆர் ரெட்டிகுலி என்று அழைக்கப்படுகிறது. ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்கு ஒருமுறை ஒளி பெருகிப் பின் சுருங்கும் செம்பெரு விண்மீன் அது. தொலைநோக்கியின் துணையோடு ஓர் இந்தியர் செய்த தொடக்கக்காலக் கண்டுபிடிப்புகளுள் இது குறிப்பிடத்தக்கது.

இக்கண்டுபிடிப்பில் நிலவியலுக்கும் பங்குண்டு. அந்த விண்மீன் இலண்டன் நகரிலிருந்து ஒருபோதும் தெரியாது. சென்னையிலோ, உச்சத்தில் இருக்கும்போதும் தெற்குத் தொடுவானுக்கு மேலே ஏறத்தாழ 14 பாகை உயரத்தில்தான் நிற்கும். புழுதியும் கடற்காற்றின் ஈரமும் படிந்த தாழ்வான வானத்தில் அதனைத் தேடிக் கண்டதே அவருடைய கூர்மைக்குச் சான்று.

கிரகணங்களைத் தேடி

1868 ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணம் உலக வானியலாளர்களைத் தென்னிந்தியாவுக்கு ஈர்த்தது. பிரெஞ்சு அறிஞர் ழான்சன் குண்டூரில் முகாமிட்டார். போக்சன் மசூலிப்பட்டினம் சென்றார். ஐதராபாத் சமஸ்தானத்தைச் சேர்ந்த வனபர்த்திக்குச் சென்ற குழுவின் பொறுப்பு இரகுநாதாச்சாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆங்கிலேய ஆட்சியில் ஓர் இந்தியரிடம் இத்தகைய பொறுப்பைத் தந்தது, அவர்மீது ஆய்வுக்கூடம் கொண்ட நம்பிக்கையைக் காட்டுகிறது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1871 டிசம்பர் 12ஆம் நாள் மற்றொரு முழுச் சூரிய கிரகணம் தமிழகத்தின் குறுக்கே சென்றது. அப்போது போக்சன் தலைமையில் சென்னை ஆய்வுக்கூடத்தினர் முகாமிட்ட ஊர் அவிநாசி. இன்று திருப்பூருக்கு அருகே, ஆடைத்தொழிலால் பரபரப்பாக இயங்கும் அவ்வூரின் வானத்தை அன்று உலக அறிவியல் கவனித்தது.

இரகுநாதாச்சாரியின் உழைப்பைப் போற்றும் வகையில் இலண்டனில் உள்ள அரச வானியல் கழகம் 1872 சனவரியில் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்நாளில் இந்தியர்க்கு அரிதாகக் கிட்டிய சிறப்பு அது.

மக்கள் மொழியில் வானியல்

அறிஞர்களின் அவையில் இடம் கிடைத்ததோடு அவர் மனநிறைவு கொண்டிருக்கலாம். ஆனால், தாம் கற்றது தம் மக்களைச் சென்று சேர வேண்டும் என்று அவர் விழைந்தார். அதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. 1874 டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக்கோள் சூரியனைக் குறுக்கே கடக்கவிருந்தது. வெள்ளி ஒரு சிறு கரும்புள்ளியாய்ச் சூரிய வட்டத்தின்மீது ஊர்ந்து செல்லும் அரிய காட்சி அது. புவியின் வெவ்வேறு இடங்களிலிருந்து அந்நேரத்தை அளந்தால் சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம். ஆகவே உலக நாடுகள் பலவும் அதற்கு ஆயத்தமாயின.

அந்நிகழ்வு குறித்து இரகுநாதாச்சாரி ஒரு சிறு நூல் எழுதினார். அது ஆங்கிலத்தில் மட்டுமன்றிக் கன்னடம், உருது முதலிய இந்திய மொழிகளிலும் வெளிவந்தது. மரபுவழிக் கணிதம் கற்ற ஒருவருக்கு விளக்குவதுபோல உரையாடல் வடிவில் அந்நூல் அமைந்தது. ஐயம் எழுப்புவதும் அதற்கு விடை கூறுவதுமாகச் செல்லும் இம்முறை நம் மக்களுக்குப் பழகிய ஒன்று. புதிய அறிவியலைப் பழகிய வடிவில் தந்தால் அது எளிதில் மனத்தில் பதியும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

கணக்கும் காட்சியும்

அவர் எதிர்கொண்ட மிகப் பெரிய சிக்கல் வானத்தில் இல்லை, மண்ணில் இருந்தது. பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணித்த பஞ்சாங்கங்கள் கூறும் நேரத்திற்கும், வானத்தில் கோள்கள் உண்மையில் நிற்கும் நிலைக்கும் வேறுபாடு இருந்தது. வாய்பாடுகளை அமைத்த முன்னோர் தவறு செய்தனர் என்பது இதன் பொருளன்று. ஆண்டுதோறும் சேரும் மிகச் சிறிய வேறுபாடு, பல நூற்றாண்டுகளில் பெரிதாகிவிடும். அவ்வப்போது வானத்தை நோக்கித் திருத்திக்கொள்ளாவிடில் கணக்கும் காட்சியும் பிரிந்துவிடும்.

பஞ்சாங்கக் குடும்பத்தில் பிறந்தவரே பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று சொல்வது எளிதன்று. அது உறவினரையும் உடன்தொழில் செய்வோரையும் முகம்சுளிக்கச் செய்யும். ஆயினும் இரவுதோறும் தம் கண்ணால் கண்டதை அவர் மறைக்க விரும்பவில்லை. தற்கால வானியல் கணிப்புகளின் அடிப்படையில் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை உருவாக்கினார். 1874இல் பச்சையப்பன் மண்டபத்தில் சொற்பொழிவாற்றித் தம் கருத்தை மக்கள்முன் வைத்தார். இந்தியர்கள் வானியலைக் கற்றுப் பயிற்சி பெறுவதற்கென ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

அவர் விரும்பிய ஆய்வுக்கூடம் அவர் வாழ்நாளில் அமையவில்லை. 1880 பிப்ரவரி 5ஆம் நாள் இரகுநாதாச்சாரி மறைந்தார். வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என இருவகையும் இன்றும் தமிழகத்தில் அச்சாகின்றன. அவர் எழுப்பிய வினா இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

அவர் விட்டுச்சென்றது

நுங்கம்பாக்கத்தில் நடந்த பணி பின்னர்க் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் திருப்பத்தூர் மாவட்டத்துச் சவ்வாது மலையில் உள்ள காவலூரில் பெரிய தொலைநோக்கிகள் எழுந்தன. அங்கே இந்திய அறிஞர்களே தலைமையேற்று ஆய்வு செய்கின்றனர். இரகுநாதாச்சாரி கண்ட கனவு அவர் எண்ணியதைவிடப் பெரிதாக நிறைவேறியுள்ளது எனலாம்.

எனினும் அக்கனவின் ஒரு பகுதி இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. வானம் கற்றவர்க்கு மட்டும் உரியதாக இருத்தல் கூடாது; நம் மொழியில், நம் வீட்டு மாடியில் அதனைக் கற்க வேண்டும் என்பதே அவர் விழைவு. ஒரு வரைபடத்தைக் கையில் ஏந்தி, அதில் உள்ளது வானத்தில் இருக்கிறதா என்று ஒரு மாணவர் சரிபார்க்கும்போது, இரகுநாதாச்சாரி இரவுதோறும் செய்த செயலையே அவரும் செய்கிறார். ஏட்டில் இருப்பதை ஏற்பதற்குமுன் கண்ணால் சரிபார்க்கும் அந்தப் பழக்கமே அவர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம்.

தெரியுமா?

விண்மீன்களின் ஒளியளவைக் குறிக்க இன்று உலகெங்கும் பயன்படும் அளவுமுறையை 1856இல் முன்மொழிந்தவர் போக்சன். இதன்படி, ஒளித்தரம் ஐந்து படிகள் வேறுபட்டால் ஒளி 100 மடங்கு வேறுபடும். ஒரு படிக்கு ஏறத்தாழ 2.512 மடங்கு வேறுபாடு. விண்மீன் வரைபடத்தில் புள்ளிகளின் அளவு இம்முறையைத் தழுவியே அமைகிறது.

கற்பவை கற்றபின்

1. பனியன் பெட்டி அட்டையில் வட்டம் ஒன்றை வெட்டி, அதன்மேல் அச்சிட்ட விண்மீன் வரைபடத்தை ஒட்டுக. கைவிளக்கின்மீது சிவப்புத் தாளைச் சுற்றிக்கொண்டு, மொட்டைமாடியில் பெரியவர் ஒருவரின் துணையோடு படத்தை வானத்தோடு ஒப்பிடுக. சிவப்பொளி, இருளுக்குப் பழகிய கண்ணைக் கூசச் செய்யாது.

2. துருவ விண்மீனின் உயரம் நாம் நிற்கும் இடத்தின் அகலாங்கிற்கு ஏறத்தாழச் சமம். திருப்பூரில் அது வடக்குத் தொடுவானுக்கு மேலே எத்தனை பாகை உயரத்தில் தெரியும் எனக் கண்டறிந்து எழுதுக.

3. வீட்டில் உள்ள வாக்கியப் பஞ்சாங்கத்தையும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் ஒப்பிட்டு, ஒரே நாளுக்குரிய நேரக் குறிப்புகளில் காணும் வேறுபாடுகளைப் பட்டியலிடுக.

4. தாய்மொழியில் அறிவியல் என்னும் தலைப்பில், இரகுநாதாச்சாரியின் பணியைச் சான்றாகக் கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.