'டாஃபடில்ஸ்' கவிஞர் விலைபோயிட்டாரா? ரசிகர்களே வெறுத்த வேர்ட்ஸ்வொர்த்தின் கதை!

ஏரிக்கரை, மஞ்சள் பூக்கள், தன்னந்தனியா நடந்து போற ஒரு மனுஷன்... 'டாஃபடில்ஸ்' கவிதையை ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணினவங்க நம்மில் நிறைய பேர். ஆனா, அதை எழுதின வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தை அவரைக் கொண்டாடின இளைஞர்களே ஒருகட்டத்துல வெறுத்தாங்கன்னு நமக்கு எந்த டீச்சரும் சொன்னதில்லை.

1770-ல் இங்கிலாந்தின் வடக்கே காக்கர்மவுத் என்ற சின்ன ஊர்ல பிறந்தவர். அப்பா வக்கீல். அந்த வட்டாரத்தையே கையில் வெச்சிருந்த ஜேம்ஸ் லோதர் என்ற பெரிய நிலப்பிரபுவுக்கு வேலை பார்த்தவர். வேர்ட்ஸ்வொர்த்துக்கு 13 வயசு இருக்கும்போது அப்பா இறந்துட்டார். அம்மா ஏற்கெனவே இல்லை. லோதர் தர வேண்டிய பாக்கி சில ஆயிரம் பவுண்டு. அந்த மனுஷன் சாகுற வரைக்கும் கொடுக்கவே இல்லை. அஞ்சு பிள்ளைங்களும் சொந்தக்காரங்க தயவுல வளர்ந்தாங்க. லோதர் என்ற பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

1791-ல் பிரான்ஸ் போனவரைப் புரட்சி அப்படியே இழுத்துக்கிச்சு. மன்னரும் வேண்டாம், பிரபுக்களும் வேண்டாம்னு நம்பினார். 1798-ல் நண்பர் கோல்ரிட்ஜோட சேர்ந்து 'லிரிக்கல் பேலட்ஸ்' வெளியிட்டார். அதுல பிச்சைக்காரங்களும் ஏழைப் பெண்களும்தான் நாயகர்கள். சாதாரண மக்கள் பேசுற மொழியிலதான் கவிதை இருக்கணும்னு 1800-ல் வந்த பதிப்புக்கு முன்னுரையும் எழுதினார். விமர்சகர்கள் சிரிச்சாங்க. இளைஞர்கள் சிலிர்த்தாங்க.

1802-ல் ஜேம்ஸ் லோதர் இறந்ததும், வாரிசா வந்த வில்லியம் லோதர் பழைய பாக்கியை வட்டியோட தீர்த்துட்டார். நல்ல மனுஷன்தான். அங்கேயிருந்து உறவு நெருக்கமாச்சு. 1812-ல் ஆறே மாசத்துல வேர்ட்ஸ்வொர்த்தின் ரெண்டு குழந்தைங்க இறந்துபோனாங்க. கவிதை சோறு போடலை. அடுத்த வருஷம் லோதரின் சிபாரிசில் முத்திரைத்தாள் வரி வசூலிக்கிற அரசு வேலை கிடைச்சது. 1814-ல் 'தி எக்ஸ்கர்ஷன்' என்ற நீண்ட கவிதையை அந்தப் பிரபுவுக்கே சமர்ப்பணம் செய்தார்.

ஷெல்லி 1816-ல் வெளியிட்ட ஒரு கவிதையில், உயிரோட இருந்த வேர்ட்ஸ்வொர்த்தை இறந்தவர் மாதிரி நினைச்சு அழுதார். பைரன் அந்த வரி வேலையைச் சொல்லியே கிண்டலடிச்சார். இதுல ஒரு விஷயம்... பைரன் ஒரு பிரபு. ஷெல்லி ஒரு பெரிய எஸ்டேட்டுக்கு வாரிசு. பிள்ளையைப் புதைச்சுட்டு மாச வருமானம் தேடுறவனைப் பார்த்து இவங்க சிரிக்கிறது கொஞ்சம் சுலபம்தான்.

ஆனா கீட்ஸை அப்படி ஒதுக்கிட முடியாது. குதிரை லாயம் நடத்தினவரோட மகன், கையில காசில்லாதவர். வேர்ட்ஸ்வொர்த்தை அவ்வளவு நேசிச்சார். 'தி எக்ஸ்கர்ஷன்' இந்தக் காலத்தின் பெருமைகள்ல ஒண்ணுன்னு 1818 ஜனவரியில்தான் கடிதம் எழுதியிருந்தார். அதே வருஷம் ஜூன்ல, 22 வயசு கீட்ஸ் ஏரி மாவட்டத்துக்கு நடைப்பயணம் போறார். வழியில ஒரு விடுதிப் பணியாளர்கிட்ட தன் ஆதர்ச கவிஞரைப் பத்தி விசாரிக்கிறார். லோதர் குடும்பத்துக்கு ஓட்டுக் கேட்டு வந்துட்டுப் போனார்னு பதில் வருது! அந்தத் தேர்தல்ல லோதரின் ரெண்டு மகன்களும் நின்னாங்க. எதிர்த்து நின்னவர் சீர்திருத்தம் பேசின ஹென்றி புரூம். கீட்ஸ் வீடு வரைக்கும் போய்ப் பார்த்தார். ஆள் இல்லை. ஒரு சீட்டு எழுதி வெச்சுட்டு நடையைக் கட்டினார்.

லோதரின் கணக்குப்பிள்ளை ஓட்டுக் கேட்டிருந்தா யாருக்கும் கோபம் வந்திருக்காது. வரி வேலையைக்கூட மன்னிச்சிருப்பாங்க. பசி எல்லாருக்கும் தெரியும். பெரிய மனுஷங்க வரிசையில தானும் ஒரு ஆளா நின்னதுதான் உறுத்துச்சு. அவர் வார்த்தையை நம்பி, அதைத் தன் வாழ்க்கையில ஏத்திக்கிட்டவன் இப்போ என்ன பண்ணுவான்? அவர் மாறிட்டார்னு சொல்றதுக்கு முன்னாடியே, நான் ஏமாந்துட்டேனாங்கிற கேள்வி வந்துடும். அந்த அவமானம்தான் கோபமா வெளிய வருது.

அப்புறம் எல்லாம் மேல மேலதான். 1842-ல் வருஷத்துக்கு 300 பவுண்டு அரசு பென்ஷன். 1843-ல் 73 வயசுல அரசவைக் கவிஞர் பதவி. 1845-ல் ராணியின் விருந்துக்குப் போறப்போ அரசவை உடை கிடையாது. பணக்காரக் கவிஞர் சாமுவேல் ரோஜர்ஸின் உடையை இரவல் வாங்கி உடம்பைத் திணிச்சுக்கிட்டுப் போனார். இடுப்புல தொங்கின வாள், விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியோடது. அதே வருஷம்தான் ராபர்ட் பிரௌனிங், தங்களைக் கைவிட்ட தலைவன்மேல கொதிச்சு ஒரு கவிதை வெளியிட்டார். வேர்ட்ஸ்வொர்த்தை மனசுல வெச்சுதான் எழுதினேன், ஆனா அது அவரோட முழு உருவம் இல்லைன்னு வயசான காலத்துல ஒப்புக்கிட்டார்.

வேர்ட்ஸ்வொர்த் 1850 ஏப்ரல் 23-ல் இறந்தார். சில மாசத்துல மனைவி மேரி ஒரு நீண்ட கவிதையை வெளியிட்டு, 'தி பிரிலூட்' என்று பெயரும் வெச்சாங்க. 1805-லேயே எழுதி முடிச்சு, திருத்தித் திருத்தி அச்சுக்குக் கொடுக்காமலேயே வெச்சிருந்தது. புரட்சி நடந்த பிரான்ஸும், அங்கே சந்தோஷத்துல திரிஞ்ச அந்த இளைஞனும் அதுக்குள்ள இருந்தாங்க. கீட்ஸ் 1821-லயும், ஷெல்லி 1822-லயும், பைரன் 1824-லயும் இறந்துபோயிருந்தாங்க.