3 பெண்கள் சாவில் பிறந்த வேலூர் ஆஸ்பத்திரி!

பெரிய ஆபரேஷன் என்றால் ஜவ்வாதுமலைக்காரர்கள் பலரும் இறங்கி வருவது வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குத்தான். அதை உருவாக்கியவர் டாக்டர் ஐடா ஸ்கடர். வெள்ளைக்காரப் பெண்மணி. ஆனால் பிறந்தது ராணிப்பேட்டையில், 1870-ல்.

டாக்டராகும் எண்ணமே அவருக்கு இல்லை. அமெரிக்காவில் படித்தவர், தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்தார்.

ஒரே ராத்திரி

அங்கே ஒரு ராத்திரி, பிரசவத்தில் துடித்த 3 பெண்களின் கணவன்மார் அடுத்தடுத்து கதவைத் தட்டினார்கள். ஐடாவின் தந்தை டாக்டர்தான். ஆனால் ஆம்பளை டாக்டர் தொடக்கூடாது என்று 3 பேரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்ததும் 3 பெண்களும் பிணம்!

அதிர்ந்துபோன ஐடா, அமெரிக்கா போய் 1899-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூரில் ஒரே கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். முதல் ஆபரேஷனுக்கு நர்சு கிடையாது. வீட்டு வேலைக்காரரின் மனைவிதான் கூட நின்றார். 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி எழுந்தது. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார். வயது 89.

சின்னத் துளை

அவர் காலத்தில் குடல் ஆபரேஷனுக்கு வயிற்றை நீளமாகக் கிழிக்கணும். இன்று அதே ஆஸ்பத்திரியில், புண்ணாகி மருந்துக்கு அடங்காத பெருங்குடலைக்கூட, சின்னத் துளைகள் வழியாக கேமராவை விட்டுப் பார்த்து வெட்டி எடுக்கிறார்கள். தழும்பு சிறிது; வலியும் குறைவு.

பெண் டாக்டர் இல்லையே என்று அங்கே யாரும் திரும்பிப் போக வேண்டியதில்லை.