புழுதிப்புயலைக் காட்டிச் சட்டம் வாங்கிய மனிதர்: யார் இந்த ஹியூ பென்னட்?

1935-ம் ஆண்டு வசந்த காலம். வாஷிங்டனில் செனட் குழு முன்பு ஒரு மண்ணியல் அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். மேற்குச் சமவெளியில் கிளம்பிய புழுதிப்புயல் தலைநகரை நெருங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். அதனால் அவசரமே படவில்லை. புள்ளிவிவரங்களை அடுக்கி, நேரத்தை இழுத்தார். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே வானம் இருண்டது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த விவசாயிகளின் மேல்மண், செனட்டர்களின் கண்ணெதிரே பறந்துபோனது.

அமெரிக்காவில் இன்றும் சொல்லப்படும் இந்தக் கதையின் நாயகன், ஹியூ ஹாம்மண்ட் பென்னட்.

காடும் வயலும் சொன்ன ரகசியம்

1881-ல் வட கரோலினாவில், பருத்தி விவசாயம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். 1903-ல் வேளாண் துறையின் மண் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். 1905-ல் வர்ஜீனியாவின் லூயிசா பகுதிக்கு ஆய்வுக்குப் போனபோது, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு நிலங்களைப் பார்த்தார். ஒன்று காடு, இன்னொன்று வயல். சரிவும் ஒன்றுதான், பாறையும் ஒன்றுதான். ஆனால் காட்டு மண் ஈரமாக, பொலபொலவென்று இருந்தது. வயலிலோ களிமண் இறுகிக் கிடந்தது.

காரணம் பிடிபட்டது. ஒவ்வொரு மழையும் வயலின் மேல்மண்ணை மெல்லிய படலமாக உரித்துக்கொண்டு போயிருந்தது. பள்ளம் விழுந்தால்தான் நமக்கு அரிப்பு கண்ணில் படும். இதுவோ சத்தமே இல்லாமல் நடந்திருக்கிறது.

ஆனால் அவர் வேலை பார்த்த துறையே, மண் அழியாத சொத்து, தீர்ந்துபோகாது என்று 1909-ல் அறிக்கை வெளியிட்டது. பென்னட் விடவில்லை. மண் அரிப்பை தேசிய ஆபத்து என்று எச்சரித்து 1928-ல் ஒரு வெளியீட்டை எழுதினார்.

புல்லை உரித்தால் என்ன ஆகும்?

அதற்குள் தெற்குச் சமவெளியில் லட்சக்கணக்கான ஏக்கர் புல்வெளியை உழுது கோதுமை போட்டிருந்தார்கள். 1930-களில் வறட்சி வந்தது. மண்ணைப் பிடித்துவைக்க வேர் இல்லை. காற்று அள்ளிக்கொண்டு போனது. ஏராளமான குடும்பங்கள் ஊரை விட்டே கிளம்பின.

1933-ல் தொடங்கிய மண் அரிப்பு சேவைக்கு பென்னட் தலைவரானார். முதல் செயல்விளக்கத் திட்டம், விஸ்கான்சினின் கூன் பள்ளத்தாக்கில். சரிவுக்குக் குறுக்கே உழவு, பயிரையும் புல்லையும் பட்டை பட்டையாக மாற்றி நடுவது, தண்ணீர் ஓடும் தடத்தில் புல், செங்குத்தான சரிவில் மரம்... எல்லாமே எளிய வேலைகள்தான். ஓடுகிற தண்ணீரின் வேகத்தைக் குறைக்கணும், மண்ணை வெறுமனே விடக்கூடாது. அவ்வளவுதான் சூத்திரம்.

அந்தப் புயலுக்குப் பிறகு, 1935 ஏப்ரல் 27-ல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புதிதாக உருவான மண் பாதுகாப்பு சேவையை பென்னட் 1951 வரை வழிநடத்தினார்.

சறுக்கிய இடம்

எல்லாமே சரியாக நடந்துவிடவில்லை. அரிப்பைத் தடுக்க அவரது துறை விவசாயிகளுக்குக் கோடிக்கணக்கில் கொடுத்தது, ஜப்பானிலிருந்து வந்த குட்ஸு கொடியின் நாற்றுகளை. மண்ணைப் பிடித்தது உண்மை. ஆனால் மரம், வேலி, கொட்டகை என எதையும் விட்டுவைக்காமல் படர்ந்தது. 1953-ல் பரிந்துரைப் பட்டியலிலிருந்தே அதை நீக்க வேண்டியதாயிற்று. தென் மாநிலங்கள் இன்றும் அதோடு மல்லுக்கட்டுகின்றன. பச்சையாக இருந்தால் போதாது, அந்த மண்ணுக்கு ஏற்ற பச்சையா என்பதும் முக்கியம் என்பதுதான் அதில் கிடைத்த பாடம்.

பென்னட் 1960-ல் மறைந்தார். அடுத்த மழைக்குத் தெருவில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடினால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். எங்கேயோ ஒரு நிலம் வெறுமையாகக் கிடக்கிறது என்று அர்த்தம்.