மூச்சைக் கையால் கொடுத்தவர்கள்

கொவிட் காலத்தில் ஐசியூவில் கட்டில் இல்லை என்ற பதிலைக் கேட்டு அலைந்த குடும்பங்கள் பல. அப்படியொரு பிரிவை முதலில் தொடங்கியவர் யார் என்று நான் தேடிப் படித்ததும் அந்த நாட்களில்தான்.

பியோன் இப்சன் 1915இல் டென்மார்க் தலைநகர் கொப்பன்ஹேகனில் பிறந்தவர். 1940இல் வைத்தியரானார். மயக்கமருந்துத் துறையைக் கற்க 1949இல் பொஸ்டன் போய், அடுத்த வருடம் ஊர் திரும்பினார்.

1952 கோடையில் கொப்பன்ஹேகனில் போலியோ பரவியது. போலியோ நமக்குப் புதிதல்ல. சொட்டு மருந்து கொடுப்பதற்காகச் சண்டையை நிறுத்திவைத்த நாட்கள் எங்கள் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். 1952இலோ தடுப்பு மருந்தே இல்லை. பிளெக்டாம் தொற்றுநோய் வைத்தியசாலைக்கு உச்சக்கட்டத்தில் நாளொன்றுக்கு 50 பேர் வரை வந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். மூச்சுவிட முடியாதவர்களுக்காக அங்கிருந்தவை உடலை உள்ளே வைத்து மூடும் இரும்புக் கருவி ஒன்றும், நெஞ்சில் பொருத்தும் கருவிகள் ஆறும் மட்டுமே. முதல் மூன்று வாரங்களில் இவற்றால் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

தலைமை வைத்தியர் லாசன் வேறு வழியின்றி இப்சனை அழைத்தார். சத்திரசிகிச்சைக் கூடத்து ஆளுக்குத் தொற்றுநோய் விடுதியில் என்ன வேலை என்று சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கூடத்து அனுபவம்தான் கைகொடுத்தது. நோயாளரின் இரத்தத்தில் பைகாபனேற்று கூடியிருந்ததை, காரணம் புரியாத காரத்தன்மை என்று மற்றவர்கள் எண்ணியிருந்தார்கள். மூச்சு போதாமல் காபனீரொட்சைட்டு உடலில் தேங்குகிறது என்பதை இப்சன் கண்டுகொண்டார். வைரஸ் மூளையைத் தாக்கியதால் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிடப்பட்ட பிள்ளைகள் பலர், உண்மையில் மூச்சுப் பற்றாமல் இறந்துகொண்டிருந்தார்கள்.

ஓகஸ்ட் 27ஆம் திகதி 12 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் இதைச் செய்துகாட்டினார். அவள் நீலம் பாரித்து, தன் சளியிலேயே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாள். கழுத்தில் துளையிட்டுக் குழாய் செலுத்தினார்கள். றப்பர் பையை அமுக்கியும் காற்று உள்ளே போகவில்லை. அவள் திமிறினாள். பார்க்க வந்த வைத்தியர்கள் நம்பிக்கையிழந்து வெளியேறத் தொடங்கினார்கள். இப்சன் மயக்கமருந்து ஏற்றினார். அவளுடைய சொந்த மூச்சு நின்றது, உடல் தளர்ந்தது, பை இலகுவாக வேலை செய்தது. அவள் பிழைத்து, வளர்ந்து பெரியவளானாள்.

ஒருத்தியைக் காப்பாற்றியாயிற்று. மற்றவர்களுக்கு? இயந்திரங்கள் இல்லை. மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். ஏறத்தாழ 1500 பேர், முறைவைத்து, மாதக்கணக்கில், இரவுபகலாகப் பையை அமுக்கினார்கள். ஒரே வேளையில் 70 நோயாளர் வரை அந்தக் கைகளை நம்பிக் கிடந்தார்கள். மாணவர்களுக்கு இருபது வயது சொச்சம் இருக்கும். தான் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை இறந்துபோவதையும் சிலர் பார்க்க வேண்டியிருந்தது. ஷெல்லடிக்கு நடுவே காயக்காரருக்குப் பக்கத்தில் விடியும்வரை இருந்தவர்களுக்கு அந்த இரவுகளை நான் விளக்கத் தேவையில்லை.

நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருந்த மரணம் பாதிக்கும் கீழே இறங்கியது.

1953 டிசம்பரில் கொப்பன்ஹேகன் நகர வைத்தியசாலையில், ஆபத்தான நிலையிலுள்ளவர்களை ஒரே இடத்தில் வைத்து இடைவிடாது கவனிக்கும் பிரிவை இப்சன் தொடங்கினார். உலகின் முதலாவது ஐசியூ என்று பலரும் சொல்வது அதைத்தான். கொவிட் நோயாளரின் குழாய்க்குள் வென்டிலேட்டர் தள்ளியது போலத்தான் அந்த மாணவர்களின் கைகளும் காற்றைத் தள்ளின.

இப்சன் 2007 ஓகஸ்டில், 91 வயதில் காலமானார்.