கட்டடக்கலை மேதை சினான்

தொழுகை அணி தூண்களால் துண்டுபடாமல் பெருந்திரளான மக்கள் ஒரே கூரையின்கீழ் நிற்க வேண்டும். அக்கூரையோ நிலநடுக்கத்திலும் நிலைக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றத் தம் வாழ்நாளை ஈந்தவர் உதுமானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான். அப்பெருமகனாரின் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

கி.பி. 1490ஐ ஒட்டி, அனத்தோலியாவின் கைசேரி நகரை அடுத்த சிற்றூரில், கிறித்தவக் குடும்பமொன்றில் சினான் பிறந்தார். இளமையில் அரசுப் பணிக்கெனத் திரட்டப்பட்டு, இஸ்லாத்தை ஏற்று, ஜானிசாரிப் படையில் சேர்ந்தார். பெல்கிரேடு (1521), மொகாக்ஸ் (1526) போர்களில் பங்கேற்றார். படைக்காக வான் ஏரியில் படகுகளும், புரூத் ஆற்றின்மீது பாலமும் அமைத்த திறம் அவரை உயர்த்தியது. 1539இல் தலைமைக் கட்டடக் கலைஞரானபோது அவருக்கு அகவை ஏறத்தாழ ஐம்பது.

இஸ்தான்பூலில் அவர் கண்முன் நின்றது அயா சோஃபியா. 537இல் எழுந்த அதன் குவிமாடம் 558இல் சரிந்து, மீண்டும் கட்டப்பெற்றது. குவிமாடத்தின் பளு கீழ்நோக்கி அழுத்துவதோடு சுவர்களைப் பக்கவாட்டிலும் தள்ளும். அவ்விசையை அடக்குவதே சினான் எடுத்துக்கொண்ட சிக்கல்.

1548இல் நிறைவுற்ற ஷஹ்ஸாதா பள்ளிவாசலில் நாற்புறமும் அரைக் குவிமாடங்களை முட்டாக அமைத்தார். 1557இல் நிறைவுற்ற சுலைமானிய்யாவில் குவிமாடத்தின் உயரம் 53 மீட்டர். முன்னும் பின்னும் இரண்டே அரைக் குவிமாடங்கள் அதனைத் தாங்க, முட்டுச்சுவர்கள் பக்கச் சுவர்களோடு கலந்து மறைந்தன. சுற்றிலும் மதரஸாக்களும் மருத்துவமனையும் அன்னசாலையும் எழுந்தன.

எனினும் அவர் மனநிறைவு கொண்டாரில்லை. முன்னதைப் பயில்நிலைப் பணியாகவும், பின்னதைத் தேர்ச்சிநிலைப் பணியாகவும் மட்டுமே அவர் கருதினார் என்பர். எண்பதை நெருங்கிய அகவையில் எதிர்னே நகரில் ஸலீமிய்யாவைத் தொடங்கினார். 31 மீட்டருக்கும் மிகுந்த விட்டமுடைய அதன் குவிமாடத்தை எட்டுத் தூண்கள் ஏந்துகின்றன. அவை சுவர்ப்பக்கம் ஒதுங்கி நிற்பதால் நடுவெளி ஒரே பரப்பாய்த் திகழ்கிறது. நான்கு மினாராக்களும் 70 மீட்டருக்கு மேல் ஓங்கியுள்ளன. கட்டுவித்த சுல்தான் இரண்டாம் ஸலீமோ, அது தொழுகைக்குத் திறக்கப்படுமுன் 1574இல் மறைந்தார்.

தாம் விஞ்ச விழைந்த அயா சோஃபியாவின் தளர்ந்த சுவர்களுக்கு முட்டுச்சுவர் எழுப்பிக் காத்தவரும் சினானே. 1588இல் மறைந்த அவர், சுலைமானிய்யாவை அடுத்த சிறிய கல்லறையில் அடங்கியுள்ளார். ஸலீமிய்யாவை யுனெஸ்கோ 2011இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

பிறர் ஓய்வை நாடும் பருவத்தில் தம் தலைசிறந்த பணியைத் தொடங்கியவர் சினான். முன்னோரின் படைப்பை விஞ்ச முயல்வதும், அதனையே பேணிக் காப்பதும் ஒருவரிடமே அமையக்கூடும் என்பதை அவர் வாழ்விலிருந்து நம் மாணவச் செல்வங்கள் கற்றுக்கொள்வார்களாக!